மேலே எத்தனை பேர்?

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக எனக்குள் ஒரு இழுபறி. நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. இரண்டு மூன்று தடவை எழுதத் தொடங்கி, தாளை மடித்துச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறேன். கோயிலுக்கு என்னோடு வரும் சிநேகிதி ஒருத்தி, "கிறிஸ்தவ வேதக்காரரின்ர விசயம் உமக்கேன்? எங்கட சாமியைப் பற்றி எழுதுமன்" என்றாள். என் பயம் அதுவல்ல. தெய்வ காரியத்தில் ஒரு சொல் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. அந்தப் பயம்தான் கையைப் பிடித்தது. இப்போது இதற்கு உரிய பிள்ளையே "எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டதால், பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. இந்தக் கதைக்குரிய அம்மாவை அவர் உயிரோடிருந்தபோதும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அகதியாக இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்டுக்கு வந்தோம். மேல்வீட்டில் இத்தாலிக்காரர். வீட்டுக் கதவின் திறப்பைக் கையில் தரும்போது அந்த அம்மா சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். அவர் பேசியதும் உடைந்த ஆங்கிலம், நான் பேசியதும் உடைந்த ஆங்கிலம். எனக்கு எங்கள் தமிழில்தான் அதை எழுதத் தெரியும்.

"மேல நாங்கள் நாலு பேர், பிள்ளை. நான், மனுசன், மனுசன்ர தமையன், என்ர மகன். வேற ஒருத்தரும் இல்லை. நாங்கள் பாடுவம். அது மட்டும்தான் கரைச்சல்."

அவர்கள் குடும்பமாகப் பாடுகிறவர்கள். இத்தாலியைச் சேர்ந்த ஒரு தீவிலிருந்து வந்தவர்கள். அங்கத்தைய பழைய பாட்டுகள்: அறுவடைப் பாட்டு, தாலாட்டு, கப்பலில் போகிறவனைக் கரையில் நின்று வழியனுப்புகிற பாட்டு. கலியாண மண்டபங்களிலும் அவர்களுடைய ஊர்ச்சங்க விருந்துகளிலும் கூப்பிடுவார்கள். பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாது. நாலு பேரும் வட்டமாக, தலையோடு தலை முட்டுகிற மாதிரி நின்று, ஆளுக்காள் தோளில் கை போட்டுக்கொண்டு பாடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு முதுகுதான் தெரியும்.

நாங்கள் வந்த முதல் மாசியில், பின்னேரங்களில் மேலே வேறு மாதிரியான ஒரு பாட்டு கேட்கத் தொடங்கியது. இழுத்து இழுத்து, துக்க வீட்டில் பாடுகிற மாதிரி. ஒரு நாள் நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். மகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, மேல அஞ்சு பேர் பாடினம்" என்றாள்.

நானும் காதைக் கொடுத்தேன். தடித்த ஆண்குரல்களுக்கு மேலே, மெல்லிசாக, ஒரு பெண்குரல். அந்த அம்மாவின் குரல் அல்ல. அவருடையது கட்டைக்குரல். இவரை, என் வீட்டுக்காரரை, கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். முகம் மாறிவிட்டது.

"ஆரோ ஒரு பொம்பிளைப்பிள்ளையை ஒளிச்சு வச்சிருக்கினம் போல."

"ஏன் ஒளிக்கவேணும்?"

"எங்களை மாதிரி அகதிக் கேஸ்கூட இல்லாத ஆள் போல. ஒளிச்சுத்தானே பாட வைக்கினம்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் நிலைமையில் இருந்து பார்க்கவேண்டும். எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. கதவு தட்டினால் நெஞ்சு அடைக்கும். மேலே ஒளித்து வைத்திருக்கிற ஆளைத் தேடி யாராவது வந்தால், முதலில் கீழே இருக்கிற எங்களைத்தானே கேட்பார்கள்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பாட்டு முடிந்ததும் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"அம்மா, குறை நினைக்கவேண்டாம். நீங்கள் நாலு பேர் எண்டுதான் சொன்னனீங்கள். அஞ்சாவது ஆள் ஆர்? எங்களுக்குப் பயமாக் கிடக்கு."

அந்த அம்மாவின் கையில் கரண்டி இருந்தது. அது அப்படியே நின்றது.

"எத்தனை பேர் கேட்டது உனக்கு?"

"அஞ்சு. ஒரு பிள்ளையின்ர குரல். மேல போகுது."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே இருந்த மூன்று ஆண்களையும் கூப்பிட்டு, என்னை மறுபடி சொல்லச் சொன்னார். நான் திரும்பச் சொன்னதும் அவருடைய கணவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டைத் தேடி ஆரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது.

பிறகு கோப்பி ஊற்றித் தந்து இருத்திச் சொன்னார். அது இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமைக்கான பாட்டு. நாலு குரலும் நூல் பிசகாமல் சேர்ந்தால், மேலே ஐந்தாவதாக ஒரு குரல் எழும்புமாம். ஒருவரும் பாடாத குரல். அவர்கள் ஊரில் அதை மாதாவின் குரல் என்பார்களாம். பாடுகிறவர்களுக்கு அது சரியாகக் கேட்காது. ஆசையில் கேட்டது போலவும் இருக்கும். வெளியாள் ஒருவர் தானாகச் சொன்னால்தான் நிச்சயம்.

அவருடைய மகன் பக்கத்தில் நின்று, "சத்தமும் சத்தமும் சேரேக்க வாறது, அன்ரி. சயன்ஸ்" என்றான். அவன் இங்கே பிறந்தவன். பெரிய ட்ரக் ஓட்டுகிறவன்.

"நீ வாயை மூடு" என்றார் தாய்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு உத்தியோகம் வந்து சேர்ந்தது. பாட்டுப் பழகுகிற நாட்களில் அந்த அம்மா பேஸ்மென்ட் படியின் தலைப்பில் நின்று குனிந்து கேட்பார்: "பிள்ளை, எத்தனை பேர்?" நான் ஐந்து என்றால் முகத்தில் வெளிச்சம் வரும். நாலு என்றால் திரும்பப் போய் முதலிலிருந்து பாட வைப்பார். சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவேண்டும் என்பதற்காக உடுப்புக் காயவைக்கிற மெஷினையும் நிற்பாட்டி, வீட்டைச் சூடாக்குகிற பர்னஸையும் நிற்பாட்டிவிடுவார். கீழே நாங்கள் ஜக்கெட் போட்டுக்கொண்டு இருந்து சாப்பிடுவோம். "உமக்குக் காது இருக்கிறதால எங்களுக்குக் குளிர்" என்று இவர் பகிடி பண்ணுவார்.

காது என்றால் அந்த அம்மாவின் காதுதான் காது. அவரை நினைத்தால் முகத்துக்கு முதல் எனக்கு அந்தச் சரித்த தலைதான் வரும். எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார். நான் கீழே வெங்காயம் வெட்டுகிற சத்தத்தை வைத்து, "இண்டைக்கு மனுசனோட கோபமோ, பிள்ளை?" என்பார். கோபமாகத்தான் இருந்திருக்கும். மகளின் இருமலைக் கேட்டுவிட்டு, இரவைக்குக் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லுவார், வரும். பனி கொட்டுகிற நாட்களில் முன்படியில் போர்வையோடு நின்று மகனின் வாகனச் சத்தத்துக்குக் காத்திருப்பார். தெருவுக்குள் திரும்பமுன்னமே, "வந்திட்டான்" என்று உள்ளே போய் அடுப்பை மூட்டுவார்.

ஒருமுறை எங்களையும் ஒரு கலியாணத்துக்குக் கூட்டிப் போனார்கள். மைக் வைக்க விடமாட்டேன் என்று மண்டபக்காரரோடு அந்த அம்மா சண்டை. கடைசியில் மைக் இல்லாமலே பாடினார்கள். வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்று கைதட்டினார்கள். அந்த அம்மாவுக்கு அந்தக் கைதட்டல் ஒன்றும் கேட்கவில்லை. கதிரைகளை விலக்கிக்கொண்டு நேரே எங்கள் மேசைக்கு வந்தார்.

"எத்தனை பேர்?"

என் வாய் நிறையச் சாப்பாடு. நாலு விரலைக் காட்டினேன். முகம் வாடிப்போயிற்று. அவருடைய கணவர் பின்னாலே வந்து, "இது கலியாணப் பாட்டடி. மாதாவுக்கு வேற வேலை இல்லையோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அது ஏன் என்று வெகு நாளைக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார். மகன் மாதம் நிறையாமல் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம். அந்தப் பெட்டியில் கை வைத்து ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார்: இவன் பிழைத்தால், வளர்ந்ததும் இவனையும் சேர்த்து, இந்தக் குடும்பத்தின் வாயாலேயே ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அந்தப் பாட்டைப் பாடுவோம் என்று. அவர்கள் ஊரில் அது ஆண்கள் மட்டும் பாடுகிற பாட்டு. இங்கே குடும்பத்தில் ஆண்கள் போதாது. அதனால் மூன்றாவது குரலைத் தானே எடுத்துக்கொண்டார். அவர்களுடைய மாதா கோவிலில் கிழவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். பங்குச் சுவாமியார் தடுக்கவில்லை. நாங்கள் வருவதற்கு முன் ஒரு வருடம் ஐந்தாவது குரல் வரவில்லையாம். அந்தக் கோடையில் அவருடைய கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தார். அன்று தொடக்கம் பிடித்ததுதான் இந்தக் கேள்வி.

"நேர்த்தி ஏற்றுக்கொள்ளப்பட்டதெண்டு அதால தான் எனக்குத் தெரியும், பிள்ளை. அது வராட்டி, என்ர பெடியனுக்கு ஏதும் வந்திடும்."

அவரைப் பிழை சொல்ல நான் ஆர்? மகளுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளித்தபோது நான் வைக்காத நேர்த்தியா?

ஐந்தாவது வருடம் மார்கழியில் அவருடைய கணவரின் தமையன் இறந்துபோனார். அடிக்குரல் அவருடையது. பேச்சில் அவர் குரலை நாங்கள் கேட்டதே குறைவு. பாட்டில் மட்டும் நிலம் அதிருகிற மாதிரி வரும். மாசி வந்தது. பாட்டுப் பழகவேண்டும். மேலே சத்தமே இல்லை. ஒரு நாள் படியில் இறங்கி வந்து அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெடியன் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் மேற்குப் பக்கம் ட்ரக் கொண்டு போறான். மலைப் பாதை. பனி கரையிற நேரம்."

"வேற ஆரையும் சேர்த்துப் பாட ஏலாதே?"

"இந்தக் குடும்பத்தின்ர வாயால எண்டுதானே சொன்னனான்."

மகனிடம் பெரியப்பாவின் குரல் போனில் பதிவாகி இருந்தது. அவன் அதை ஒரு ஸ்பீக்கரில் போட்டு, அதோடு மூன்று பேரும் பாடிப் பார்த்தார்கள். பர்னஸ் நின்றது. நாங்கள் ஜக்கெட் போட்டோம். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் படியில் கேள்வி வந்தது. வழமையை விடச் சின்னக் குரலில்.

"எத்தனை பேர், பிள்ளை?"

"மூண்டு பேர். ஒரு பெட்டி."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே படியில் குந்தி இருந்து, முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஸ்பீக்கர் சத்தம் கேட்கவில்லை.

கணவர் அடிக்குரலை எடுத்தார். மூன்று பேராகப் பழகினார்கள். ஒவ்வொரு பின்னேரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்று. மூன்று. மூன்று. நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா மெலிந்துகொண்டு போனார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சமைத்ததை மேசையில் வைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் எழும்பிவிடுகிறார் என்று அவருடைய கணவர் இவரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒருக்கா நாலெண்டு சொல்லுமன்" என்றார் இவர். "மனுசி பாவம். மூண்டு பேர் பாடி நாலு கேட்டா, அதுவும் மாதா வந்ததுக்குச் சரிதானே."

"சாமி காரியத்தில பொய் சொல்லலாமோ?"

"ஒரு உசிர் படுற பாட்டைப் பாரும்."

"என்ர பொய்யை நம்பி அந்தப் பெடியனை அனுப்பிப்போட்டு, பேந்து ஏதும் நடந்தா?"

அன்று விளக்கு வைக்கும்போது பிள்ளையாரிடம், அந்தக் குரலை என் காதுக்காவது கேட்கப் பண்ணு என்று கேட்டேன். மறுநாளும் மூன்றுதான்.

பெரிய வெள்ளி வந்தது. காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து கொட்டியது. கோவிலிலிருந்து ஊர்வலம் வெளிக்கிட்டு, எங்கள் தெருமுனையில் நின்று அந்தப் பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பும். நான் மகளையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கு மற்றப் பக்கத்தில், பஸ் தரிப்பில் நின்றேன். சிலுவை வந்தது. கறுப்பு உடுப்புக்காரர் வந்தார்கள். அவர்கள் மூன்று பேரும் நடுத்தெருவில் வட்டமாக நின்றார்கள். வட்டம் என்று சொல்லமுடியாது. தமையன் நிற்கிற இடத்தை அவர்கள் மூடவில்லை. அந்த இடைவெளிக்கு மேலாக மகன் ஒரு கையையும் தகப்பன் ஒரு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

பாட்டு அடி அடியாகப் போகும். முதல் அடி, மூன்று குரல். இரண்டாம் அடி, மூன்று. தகப்பன் எடுத்த அடிக்குரல் நடுங்கியது. சனம் குடைக்குள் அசையாமல் நின்றது. இனிக் கடைசி அடி ஒன்றுதான்.

கடைசி அடி தொடங்கிக் கொஞ்சத்தில் ஒரு தட்டுத் தடங்கல் மாதிரி. பிறகு எனக்குக் கேட்டது நாலு. கண்ணை மூடிக்கொண்டு திரும்ப எண்ணினேன். நாலு. மேலே அந்த மெல்லிய குரல் இருந்தது. பஸ் ஒன்று வந்து நின்றதும் போனதும் கூட எனக்குத் தெரியவில்லை. மகள்தான் இழுத்தாள்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மா கணவரின் தோளுக்கு மேலால் தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தார். வாய் அசையவில்லை. இறந்தவரின் முகம் கூட அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. நான் கையை உயர்த்தினேன். விரல் பிரியாத கம்பளிக் கையுறை போட்டிருந்தேன். எத்தனை என்று தெரியாது. கழற்றி எறிந்துவிட்டு, நாலு விரலையும் நன்றாக விரித்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தது போல இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஊர்வலத்தோடு நடந்தார்.

மகன் மேற்கே போய் நல்லபடியாகத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். அவர்கள் மூன்று பேரும் பாடினார்கள். ஆனால் அந்த அம்மா படியில் வந்து நின்று அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்கவில்லை. பர்னஸும் நிற்கவில்லை. "உம்மட உத்தியோகம் போச்சுது" என்றார் இவர்.

நாங்கள் வீடு வாங்கி விலகிப்போய்க் கன காலத்துக்குப் பிறகு அந்த அம்மா காலமான செய்தி வந்தது. ஃபியூனரல் ஹோமுக்குப் போனோம். மகனுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைக் கோப்பி மெஷின் பக்கம் தனியாகக் கூட்டிப் போனான்.

"அன்ரி, அண்டைக்கு நீங்கள் நாலு விரல் காட்டினீங்கள்."

"ஓம்."

"அம்மாவைத் தேற்றுறதுக்கோ?"

"இல்லை, தம்பி. சாமி காரியத்தில நான் அப்பிடிச் செய்யமாட்டன்."

"எந்த இடத்தில கேட்டது?"

"கடைசி அடியில. அதுக்கு முதல் மூண்டுதான்."

அவன் சுவரோடு சாய்ந்துகொண்டான்.

"கடைசி அடி நான் பாடேல்லை, அன்ரி. பெரியப்பா நிக்கிற இடத்தைப் பார்த்திட்டன். தொண்டை அடைச்சுப் போச்சு. வாயை மட்டும் அசைச்சன். பாடினது அம்மாவும் அப்பாவும்தான். அம்மாட நேர்த்தியை நான்தான் முறிச்சன் எண்டு, இவ்வளவு காலமும் ட்ரக்கில ஏறேக்கெல்லாம் ஒரு பயம். அம்மாட்டச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா அவ செத்திருப்பா."

"எனக்குக் கேட்டது நாலு" என்றேன்.

"நாலா?"

"நாலு."

"ஓம், ஓம்" என்றான். அந்தத் தமிழ்ச் சொல்லை முந்தி இவரிடம் பழகி வைத்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பிறகு ஒருநாள் போன் எடுத்து, எழுதுவதானால் எழுதுங்கோ, உள்ளபடி எழுதுங்கோ என்றான்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்தபோதுதான் எனக்கு மற்றது தட்டியது. வெங்காயம் வெட்டுகிற சத்தத்தில் என் மனதைக் கண்டுபிடித்தவர் அந்த அம்மா. தோளோடு தோள் நின்ற பிள்ளை பாடாமல் வாய் அசைத்தது அவருக்கா கேட்டிருக்காது? கேட்டிருக்கும். கேட்டுவிட்டுத்தான், இரண்டு பேர்தான் பாடினோம் என்று தெரிந்துகொண்டுதான், அந்த வெளிறின முகத்தோடு என்னைப் பார்த்திருக்கிறார். என் விரலில் நாலைக் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு ஒருவரிடமும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. மகனுக்கும் அதைக் காட்டிக்கொள்ளாமலே போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு ஆட்களுக்குச் சொன்னால் எனக்குச் சந்தோசம். ஆனால் நாலு என்றே சொல்லுங்கள். ஐந்தாக்கவேண்டாம். ஒன்று இறந்தவருடையது, மற்றது மாதாவுடையது என்று பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம்; சயன்ஸ் என்று சொல்லிக் குறைக்கவும் வேண்டாம். அன்றைக்குப் பாடினது இரண்டு பேர். தெருவுக்கு மற்றப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது நாலு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை அப்படியே கொண்டுபோங்கள்.